நஞ்சுக்கு நாவில்லை, தமிழனுக்குமா நாவில்லை?

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், பேரூர்ப் பட்டிப்பெருமான் கோயிலைத் தொட்டுக்கொண்டு கோவைக்குள் நுழைகிறது. காஞ்சியாறு என்பது அதன் பழம்பெயர். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என நான்கு மாவட்டங்களின் நிலத்தை நனைத்து, தன் பெயரையே தாங்கி நிற்கும் நொய்யல் என்னும் சிற்றூரின் அருகே அது காவிரியிற் கலக்கிறது. மழை பெய்தால் ஓடும். பொய்த்தால் மணலாய்க் கிடக்கும். ஆயினும், ஓடுகின்ற சில நாள் நீரையும் வீணாக விடாமல், அணைக்கட்டும் வாய்க்காலும் குளமுமாகக் கோத்து வைத்தனர் கொங்கு முன்னோர். நரசாம்பதி, முத்தண்ணன் குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளம் என ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும் அக்குளங்கள், ஒரு சொட்டு நீரையும் மதிக்கத் தெரிந்த மக்களின் கைவேலை அல்லவா?

அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்று அந்நீரிற் கால் வைக்கவும் கூசுகின்றனர். குளக்கரைகளில் அழகு நடைபாதை போட்டாயிற்று. வண்ண விளக்குகள் ஏற்றியாயிற்று. மாலையில் மக்கள் அங்கே காற்று வாங்குகின்றனர். கரையில் ஒளி இருக்கிறது. நீருக்குள் என்ன இருக்கிறது என்பதுமட்டும் இருளில் இருக்கிறது. அவ்விருளைப் போக்கும் கருவியை உலக அறிவியல் கண்டுவிட்டது. ஆனால் அக்கருவி கொங்கு உழவனின் கைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதே இங்குக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

உப்புச் சொன்ன சான்று

1888-இல் கோவையில் நூற்பாலை எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்னாற்றல் வந்தது. ஆலைகள் பெருகின, வார்ப்படப் பட்டறைகளும், நீரேற்றுப் பொறி செய்யும் பட்டறைகளும், முலாம் பூசும் மின்பூச்சுப் பட்டறைகளும் தெருதோறும் முளைத்தன. கிழக்கே திருப்பூர் தன் பின்னலாடையால் உலகச் சந்தையைப் பிடித்தது. உழைப்பிற் கொங்கு மக்களுக்கு ஈடில்லை என்று அமைச்சர்கள் மேடைதோறும் முழங்கினர். அவ்வுழைப்பின் கழிவு எங்கே போகிறது என்று எந்த மேடையிலும் முழக்கம் எழவில்லை. அது நொய்யலுக்குப் போயிற்று.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பெற்ற அணை 1992-இல் திறக்கப்பெற்றது. ஈரோட்டு, கரூர்ப் பகுதி நிலங்களுக்கு நீர் பாய்ச்சுவதற்கென்றே கட்டிய அணை அது. சில ஆண்டுகளுக்குள் அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுத் தொட்டியாயிற்று. கிணறுகள் கெட்டன, தென்னைகள் கருகின, விளைநிலம் வெள்ளைப் பூத்தது. 'அணை கட்டித் தாருங்கள்' என்று அரசை வேண்டும் உழவரை உலகெங்கும் காணலாம். 'அணையில் நீரைத் தேக்காதீர்கள்' என்று உழவரே வேண்டிய கொடுமையைக் கொங்கு நாட்டில்தான் காண முடியும்!

அவ்வுழவர்கள் அழுதுகொண்டு வாளா இருக்கவில்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கமாகத் திரண்டு சென்னை உயர்முறை மன்றம் (உயர்நீதிமன்றம்) ஏறினர். 2006 திசம்பர் 22-ஆம் நாள், சொட்டுக் கழிவும் ஆற்றில் விழலாகாது என்னும் வகையில் தீர்ப்பு வந்தது. சாயப்பட்டறை உடைமையாளர்கள் தில்லி உச்சமுறை மன்றத்துக்கு ஓடினர். மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்று 2009 அக்தோபரில் அம்மன்றமும் அறைந்து சொல்லிற்று. அதன் பின்னும் ஆற்றில் கழிவு விழுந்தமையால், 2011 சனவரி 28-ஆம் நாள் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்முறை மன்றம் ஆணையிட்டது. பல நூறு பட்டறைகள் ஒரே ஆணையில் நின்றன.

இவ்வெற்றியின் அடிப்படை யாது? வழக்கறிஞர் வாதத்திறனும் முறைமன்றத் துணிவும் பின்னே வந்தவை. முதற்சான்று உழவனின் நாக்கு! துணிக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும்; அவ்வுப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். வாயில் இட்ட அளவிலேயே நீர் உவர்க்கும். வரப்பிற் படிந்த வெண்மையைக் கண் காணும். ஆற்றின் செந்நிறமும் நீலநிறமும் குருடனுக்கும் விளங்கும். எந்த ஆய்வகத்தையும் கேளாமல், எந்த அலுவலரையும் கெஞ்சாமல், 'இந்நீர் கெட்டுவிட்டது' என்று தன் சொந்த மொழியில், தன் சொந்த நாவால் உழவன் சொல்ல முடிந்தது. உப்பே உழவனுக்குச் சான்று சொல்லிற்று.

நாவறியா நஞ்சு

இனி எண்ணிப் பார்க்க வேண்டியது, சான்று சொல்லாத நஞ்சைப் பற்றி. ஈயம், காட்மியம், நிக்கல், குரோமியம், இதள் (பாதரசம்) என்னும் கனமாழைகளே அவை. மாழை என்பது உலோகத்துக்குரிய தூய தமிழ்ச்சொல். மின்பூச்சுத் தொட்டியிற் குரோமியமும் நிக்கலும் உள. பழைய மின்கலங்களில் ஈயமும் காட்மியமும் உள. சாயங்கள் சிலவற்றிற் செம்பும் குரோமியமும் உள. இவை நீரிற் கரைந்து நிற்கும் அளவிலே சுவை இல்லை, மணம் இல்லை, பெரும்பாலும் நிறமும் இல்லை. நீர் பளிங்குபோல் இருக்கும். நஞ்சும் அதனுள் இருக்கும். ஈய உப்புகளுள் ஒன்று இனிக்கவே செய்யும்; அதனால் அதற்கு ஈயச் சருக்கரை என்றே பெயர். ஆக, நாக்கு இங்குச் சான்று சொல்லாமல் இருப்பதோடு நில்லாது, பொய்ச்சான்றும் சொல்லக்கூடும்!

எவ்வளவு நஞ்சு தீங்கு செய்யும்? இந்தியக் குடிநீர்த் தரவரையறை இலிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003 மில்லிகிராம், நிக்கல் 0.02 மில்லிகிராம், குரோமியம் 0.05 மில்லிகிராம், இதள் 0.001 மில்லிகிராம் என்று எல்லை கட்டியுள்ளது. எளிதாகச் சொன்னால், பத்து இலட்சம் இலிட்டர் நீரில் ஒரே கிராம் இதள்! அதற்குமேல் இருந்தால் அந்நீர் குடிக்கத் தகாதது. இதனை எந்தக் கண் காணும்? எந்த நாக்கு அறியும்?

இந்நஞ்சு உடலுட் புகுந்தால் எளிதில் வெளியேறாது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; என்பிற் படிந்து பல்லாண்டு தங்கும். குழந்தைக்குத் தீங்கு செய்யாத ஈய அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் கூற்று. காட்மியம் சிறுநீரகத்தை அழிக்கும், என்பை நொறுக்கும். அறுமதிக் குரோமியம் புற்றுநோய் விளைக்கும். இதள் நரம்பைத் தாக்கும்.

இது வெற்று அச்சுறுத்தல் அன்று. சப்பான் நாட்டு மினமாத்தாவில், ஆலைக் கழிவில் வந்த இதள் மீனுக்குள் சென்று, மீனை உண்ட மக்களை முடமாக்கியது. அந்நோய் 1956-இல் வெளிப்பட்டது. ஆலைக்கழிவே கரணியம் என்று அந்நாட்டு அரசு ஒப்பியது 1968-இல்! பன்னிரண்டு ஆண்டுகள் மக்கள் செத்துக்கொண்டிருக்க, சான்று எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தனர் ஆள்வோர். தமிழ்நாட்டிலேயே கொடைக்கானலில் வெப்பமானி செய்த ஆலை ஒன்று, இதள் கலந்த கண்ணாடிக் கழிவைப் பழம்பொருள் கிடங்கில் தள்ளியது வெளிப்பட்டு, 2001-இல் மூடப்பட்டது. கழிவின் ஒரு பகுதி 2003-இல் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. அதனை வெளிக்கொணர்ந்தவர்கள் அவ்வூர் மக்களும் சூழல் காப்பாளர்களுமே.

கோவையின் நிலை யாது? நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் இந்தியத் தொழிற்பகுதிகளை அளந்து மதிப்பெண் இட்டது. எழுபதுக்குமேற் பெற்ற 43 பகுதிகள் கடுமாசுப் பகுதிகள் எனப்பட்டன. அவற்றுள் தமிழ்நாட்டுப் பகுதிகள் நான்கு: வேலூர்-வட ஆர்க்காடு 81.79, கடலூர் 77.45, மணலி 76.32, கோவை 72.38. தேர்வில் மதிப்பெண் மிகுந்தாற் பெருமை. இத்தேர்விலோ மிகுந்த மதிப்பெண்ணே இழுக்கு. சிறுவாணித் தண்ணீரின் சுவையை உலகெங்கும் சொல்லிப் பெருமிதம் கொள்ளும் ஊர், தன் காலடியில் ஓடும் ஆற்றினுள் என்ன மாழை எவ்வளவு உண்டென்று நாள்தோறும் அறிய வழியின்றி வாழ்கிறது.

ஒளி காட்டும் இழை

இந்நஞ்சை அளக்கும் பெருங்கருவிகள் பல்கலைக்கழகங்களிலும் அரசு ஆய்வகங்களிலும் உள. அவை விலை மிக்கவை. குளிரூட்டிய அறையும் பயின்ற வல்லுநரும் வேண்டுபவை. நீரைப் புட்டியில் எடுத்து, ஊர் கடந்து கொண்டுபோய்க் கொடுத்து, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். திங்களுக்கு ஒருநாள் எடுக்கும் ஒரு புட்டி நீர், மழைநாள் இரவில் வெள்ளத்தோடு வெள்ளமாகத் திறந்து விடப்படும் கழிவைக் காட்டிக் கொடுக்குமா? சிற்றூர்களுக்கு வழங்கப்பெறும் கள ஆய்வுப் பெட்டியோ கடினத்தன்மை, உப்பு, இரும்பு, புளோரைடு, நைத்திரேட்டு போன்றவற்றைக் காட்டுமேயன்றி, ஈயத்தையோ காட்மியத்தையோ இதளையோ காட்டாது.

இவ்விடத்திற்றான் ஓர் அரிய அறிவியல் வந்து நிற்கிறது. உயிர்களின் மரபுப் பண்பைத் தாங்கி நிற்கும் மரபிழை (டி.என்.ஏ.) கொண்டு நச்சு மாழையைக் கண்டறியும் கலை அது.

மரபிழை நான்கு எழுத்துகளால் ஆனது எனலாம்: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். அடினைன் தைமினோடு இணையும். குவானைன் சைட்டோசினோடு இணையும். தைமினும் தைமினும் இணைவதில்லை. ஆயின் இரண்டு தைமின்களுக்கு நடுவே ஓர் இதள் அயனி வந்து நின்றால், அது பாலம் போல் அவ்விரண்டையும் பிணைத்துவிடும். வேறு மாழைகள் அவ்விடத்தில் அவ்வாறு பொருந்துவதில்லை. பூட்டுக்கேற்ற திறவுகோல் போன்றது இப்பொருத்தம்.

இதனைக் கருவியாக்கியவர்கள் சப்பானிய ஆய்வாளர்களான அகிரா ஓனோவும் தொகாசியும், ஆண்டு 2004. தைமின் மிகுந்த சிறு மரபிழையின் ஒரு முனையில் ஒளிரும் பொருளையும், மறுமுனையில் அவ்வொளியை அவிக்கும் பொருளையும் பொருத்தினர். நீரில் இதள் இல்லையாயின் இழை விரிந்து கிடக்கும், ஒளி வீசும். இதள் இருப்பின் அஃது இழையை மடக்கிப் பிணைக்கும்; அவிப்பான் ஒளிர்வானை நெருங்கும்; ஒளி மங்கும். மினமாத்தாவில் எந்நாட்டு மக்கள் சான்றின்றிச் செத்தனரோ, அந்நாட்டறிஞரே இதளுக்குச் சான்று சொல்லும் இழையைச் செய்தனர் என்பதைத் தமிழர் கருதிப் பார்க்க வேண்டும்.

ஈயத்துக்கு வேறு வழி. 1994-இல் பிரேக்கர், சாய்சு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஈயம் இருந்தாலன்றி வேலை செய்யாத ஒரு மரபிழையைக் கண்டெடுத்தனர். எண்ணிலடங்கா மரபிழைகளைக் கலந்து வைத்து, ஈயத்தின் முன்னிலையில் வெட்டும் தொழிலைச் செய்வனவற்றை மட்டும் பொறுக்கிப் பெருக்கி, மீண்டும் பொறுக்கிப் பெற்ற இழை அது. விதைநெல்லைப் பொறுக்கும் உழவனுக்கு இம்முறை புதிதன்று. 2000-ஆம் ஆண்டில், இலினாய்ப் பல்கலைக்கழகத்து யி இலூவும் அவர் குழுவினரும் அதே வகையான இழையில் ஒளிர்வானையும் அவிப்பானையும் பூட்டினர். நீரில் ஈயம் இருந்தால் இழை தன் இணையை வெட்டும், ஒளிர்வான் அவிப்பானை விட்டுப் பிரியும், ஒளி எழும். ஈயமே தன்னைக் காட்டிக்கொடுக்க விளக்கேற்றுகிறது! 2011-இல் இக்குழுவினரே, நீரிழிவு நோயாளர் வீட்டில் வைத்திருக்கும் குருதிச் சருக்கரை அளவியைக் கொண்டே நீரிலுள்ள யுரேனியத்தை அறியவும் வழி கண்டனர். பெருங்கருவி செய்த வேலையைக் கைக்கருவி செய்யத் தொடங்கிவிட்டது.

ஒளிர்தல் என்பது கொங்கு நாட்டுக்குப் புதிய செய்தியா? திருப்பூரில் வெளுக்கும் துணிக்கு வெண்மை கூட்டப் போடும் பொருள் ஒளிர்வானே அன்றோ? புறவூதா விளக்கின் கீழ் அத்துணி நீலமாய்ப் பளிச்சிடுவதைப் பட்டறைத் தொழிலாளி நாள்தோறும் காண்கிறான். தாள் உருபாவை விளக்கடியிற் பிடித்துப் பார்க்கும் கடைக்காரனும் ஒளிர்வைக் காண்கிறான். துணியின் வெண்மைக்கு ஒளிர்வானைக் கையாளத் தெரிந்த நாடு, நீரின் தூய்மைக்கு அதைக் கையாள வேண்டாமா?

இரவற் கருவி போதாது

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். அக்கருவியை வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து நொய்யலில் முக்கினால் வேலை முடிந்துவிடாது. தூயநீரில் செவ்வனே ஒளி காட்டும் இழை, நொய்யல் நீரில் தடுமாறக்கூடும். நொய்யலில் உப்பு மிகுதி. உப்பிலுள்ள குளோரைடு இதளைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு இழைக்கு எட்டாமற் செய்யும். நொய்யலிற் சாயம் மிகுதி. சாயம் ஒளியை விழுங்கும். வெளுப்புக்குப் போட்ட ஒளிர்வான் எச்சமும் ஆற்றிலுண்டு. அது தானே ஒளிர்ந்து பொய்க்குறி காட்டும். சாக்கடையின் அழுக்கும் நுண்ணுயிரும் இழையை அரிக்கும். ஆகவே எத்துணை நீர்த்துக் கலப்பது, எவ்வாறு வடிப்பது, எந்த நிற ஒளிர்வானைப் பூட்டுவது என்பனவற்றையெல்லாம் நொய்யல் நீரை வைத்தே ஆய்ந்து காண வேண்டும். கைக்கருவி ஐயம் எழுப்பும். பெருங்கருவி அதனை உறுதி செய்யும். இரண்டும் வேண்டும்.

அமெரிக்க ஆற்றுக்கு அமெரிக்கன் ஆய்கிறான். சப்பான் கடலுக்குச் சப்பானியன் ஆய்கிறான். நொய்யலுக்கு யார் ஆய்வது? கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உண்டு. பாரதியார் பல்கலைக்கழகம் உண்டு. தெருவுக்குத் தெரு பொறியியற் கல்லூரி உண்டு. குளத்து நீரிலும் ஆற்று மண்ணிலும் மாழை அளந்து முனைவர் பட்டம் பெற்றோரும் உண்டு. அவர்கள் எழுதிய முடிவு எங்கே? அயல்நாட்டு ஆங்கில ஆய்விதழிலே! அவ்விதழைப் படிப்பவன் யார்? சூலூர்க் குளத்தடி உழவனா? சிங்காநல்லூரில் மீன் பிடிப்பவனா? எந்த மண்ணிலிருந்து நீரை அள்ளினார்களோ, அம்மண்ணின் மக்களுக்கு அம்முடிவில் ஒரு வரியும் சொல்லப்படவில்லை. நோயாளியின் குருதியை எடுத்து ஆய்ந்துவிட்டு, முடிவை அடுத்த ஊர்க்காரனிடம் சொல்லும் மருத்துவனை மக்கள் என்னவென்பர்?

ஆங்கிலப் பூட்டு

உழவன் ஒருவன் தன் கிணற்று நீரை ஆய்வகத்திற் கொடுத்து அறிக்கை வாங்குகிறான் என்க. பெரும்பாலும் அஃது ஆங்கிலத்தில் இருக்கும். பி.பி.எம்., பி.பி.பி. என்று அளவுகள். ஈயத்துக்கு நேரே பி.டி.எல். என்று மூன்றெழுத்து. உழவன் அதனை அலுவலரிடம் காட்டுகிறான். 'ஒன்றுமில்லை, போ' என்கிறார் அலுவலர். அம்மூன்றெழுத்தின் பொருளோ 'ஒன்றுமில்லை' என்பதன்று. 'இக்கருவி காணக்கூடிய எல்லைக்குக் கீழே' என்பதே. கருவி மழுங்கியதாயின், அந்த எல்லை குடிநீர் வரம்புக்கு மேலேயே இருக்கவும் கூடும். அப்போது நஞ்சு இருந்தும் அறிக்கை பி.டி.எல். என்றே பேசும். 'உம் கருவியின் எல்லை எவ்வளவு?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், உண்மை வெளிப்படும். அக்கேள்வியைக் கேட்கும் அறிவு உழவனுக்கு இல்லாமலில்லை. கேட்பதற்குரிய மொழி அவனிடமிருந்து பறிக்கப்பட்டுள்ளது!

முறைமன்றத்திலும் இதே கதைதான். நொய்யல் உழவர் வென்ற தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பெற்றது. தன் நிலத்தைப் பற்றித் தான் தொடுத்த வழக்கில் தான் பெற்ற வெற்றியை, உழவன் பிறன் வாய்வழிக் கேட்டறிந்தான். அதே 2006-ஆம் ஆண்டிற்றான் உயர்முறை மன்றத்தில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தில்லி அதற்கு இசையவில்லை. நொய்யலை மீட்ட ஆண்டே தமிழுக்கு வாயிற்கதவு சாத்தப்பட்ட கதையின் தொடக்க ஆண்டுமாயிற்று!

எனவே நீரில் கலந்த நஞ்சும், அறிவின்மேற் பூட்டிய ஆங்கிலமும் வெவ்வேறு செய்திகள் அல்ல. நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதனால் ஆலைக்காரன் தப்புகிறான். அறிக்கை கருத்துக்குத் தெரியாமல் இருப்பதனால் அலுவலன் தப்புகிறான். இரண்டு இருளையும் ஒருங்கே போக்கினாலன்றி நொய்யல் மீளாது. கருவி மட்டும் வந்து மொழி வாராவிடின், அக்கருவியும் இன்னொரு பூட்டாகவே முடியும்.

முடியுமா என்பார்க்கு

'மரபிழையையும் ஒளிர்வையும் தமிழிற் சொல்ல முடியுமா?' என்று கேட்பார் இன்றும் உளர். மேலே சொல்லப்பட்டது எந்த மொழி? இழை, ஒளிர்வான், அவிப்பான், உணரி, மாழை: இவற்றுள் எது விளங்காத சொல்? எது வாயில் நுழையாத சொல்?

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். தமிழில் மருத்துவ நூல்கள் ஆக்கினார். அயலானுக்கு முடிந்தது தமிழனுக்கு முடியாதா? கொங்கு நாட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழிற் கலைக்களஞ்சியம் வெளிவரப் பாடுபட்ட அவினாசிலிங்கமும், அதன் பதிப்பாசிரியராய் இருந்து உழைத்த பெரியசாமித் தூரனும் கொங்கு மண்ணினர். 'கலைக்கதிர்' என்னும் அறிவியல் திங்களிதழைக் கோவையிலிருந்தே நடத்திக் காட்டினார் கோ.இரா. தாமோதரன். கல்லூரிப் பாடங்களைத் தமிழ்வழியிற் கற்பிக்கும் முயற்சி 1960-இல் தொடங்கப்பெற்ற இடமும் கோவை அரசு கலைக்கல்லூரியே. வழிகாட்டிய ஊர் இன்று வழி மறந்து நிற்கிறது!

'தொழில் கெட்டுவிடும், வேலை போய்விடும்' என்று மருட்டுவாரும் உளர். தொழிலை மூடச் சொல்வாரில்லை. நஞ்சை மூடி மறைப்பதையே கண்டிக்கின்றனர். பூச்சுத் தொட்டியின் முன் நின்று குரோமிய ஆவியை முகரும் தொழிலாளியும், அவன் குடிசையில் நிலத்தடி நீரைக் குடிக்கும் குழந்தையும் தமிழரே. முதலில் கேடுறுவது அவர்கள் உடலே. கழிவைத் தூய்மை செய்து தொழில் நடத்தும் நேரிய உடைமையாளனுக்கும், இரவில் திறந்துவிடும் கயவனுக்கும் வேறுபாட்டைக் காட்ட வல்லது ஊர்க்கையிலுள்ள உணரி ஒன்றே. நேரியவன் அதற்கு ஏன் அஞ்ச வேண்டும்?

ஈண்டுத் தமிழன்பர் சிலர்க்கும் ஒரு சொல் உரியது. பழம்பெருமையைப் பாடுவதும், மேடையில் புதுச்சொல் கூறிக் கைதட்டல் பெறுவதும் தமிழ்ப்பணியின் முடிவல்ல. அட்டவணையில் உறங்கும் சொல் உயிரற்ற சொல். இதள் என்னும் சொல் அகரமுதலியிற் கிடந்தால் போதாது. ஆய்வகத்தின் அறிக்கைத் தாளில் ஏற வேண்டும். உழவன் வாயில் வழங்க வேண்டும். முறைமன்றத்தில் ஒலிக்க வேண்டும். அன்றே அது வாழும் சொல்.

வேண்டுவன ஐந்து

ஒன்று: நொய்யலிலும் அதன் குளங்களிலும் கனமாழை அளவைக் குறித்த காலத்தில் தவறாது ஆய்ந்து, முடிவைத் தமிழில், ஊராட்சி மன்றப் பலகையிலும் குளக்கரையிலும் எழுதி வைக்க வேண்டும். வண்ண விளக்கு வைத்த கரையில் ஓர் அறிவிப்புப் பலகைக்கு இடமில்லாமற் போகாது.

இரண்டு: ஆய்வகங்கள் தரும் ஒவ்வோர் அறிக்கையும் தமிழில் இருக்க வேண்டும். 'காணும் எல்லைக்குக் கீழ்' என்று எழுதினால், அவ்வெல்லை எவ்வளவு, குடிநீர் வரம்பு எவ்வளவு என்பனவும் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.

மூன்று: கோவைப் பல்கலைக்கழகங்கள் நொய்யல் நீருக்கென்றே மரபிழை ஒளிர் உணரியை ஆக்கும் முயற்சியில் இறங்க வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வின் முடிவு, ஆங்கில இதழுக்குப் போகுமுன் ஆய்வு நடந்த ஊர்க்குத் தமிழில் வர வேண்டும்.

நான்கு: சிற்றூர்க் கள ஆய்வுப் பெட்டியில் ஈயமும் காட்மியமும் குரோமியமும் இதளும் அறியும் வழி சேர்க்கப்பட வேண்டும். பள்ளி மாணவரும் மகளிர் குழுவினரும் அதனைக் கையாளத் தமிழிற் பயிற்சி பெற வேண்டும்.

ஐந்து: அவ்வாறு மக்கள் அளந்து காட்டும் ஐயத்தை ஏற்று, குறித்த நாளுக்குள் பெருங்கருவியால் ஆய்ந்து விடை சொல்லும் கடமை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சட்டப்படி வரவேண்டும்.

இவை பேராசை அல்ல. தன் வீட்டுத் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று தன் மொழியிற் கேட்டறிவது எந்த நாட்டிலும் குடிமகனின் முதல் உரிமை. அதனை மறுக்கும் அரசு, மக்களைக் குடிமக்களாகக் கருதவில்லை; கழிவு வடியும் நிலமாகவே கருதுகிறது.

உப்பு உவர்த்தபோது கொங்கு உழவன் வாய் திறந்தான். அரசும் ஆலையும் அடங்கின. ஈயம் உவர்க்காது, இதள் உவர்க்காது. அவை சொல்லாததைச் சொல்ல வல்ல இழை ஒன்று உலகில் ஒளிர்கிறது. அவ்வொளி நொய்யற் கரைக்கு வர வேண்டும். வரும்போது தமிழிலேயே வர வேண்டும். நஞ்சுக்கு நாவில்லை, அஃது அதன் இயல்பு. தமிழனுக்கு நாவுண்டு, அந்நாவில் தமிழும் உண்டு. இரண்டும் இருந்தும் வாய் மூடியிருப்பானாயின், நாளை நொய்யற் கரையிற் பிறக்கும் குழந்தை அக்குற்றத்தின் தண்டனையைத் தன் உடலில் தாங்கும்.